பார்க்காத கம்ப்யூட்டருக்கு வைத்தியம்

மெத்தை செய்யும் அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் உதவி மேசை என்று ஒரு பிரிவு இருந்தது. பேர்தான் மேசை, உண்மையில் அது அரை அறை. மின்சாரம் போனால் கைகொடுக்கும் பேட்டரிகளை அடுக்கி வைத்திருந்த அறையின் நடுவே பலகை அடித்து, ஒரு பாதியைப் பேட்டரிகளுக்கும் மறுபாதியைக் கம்ப்யூட்டர் கோளாறுகளைப் போனில் தீர்த்துவைக்கிறவர்களுக்கும் கொடுத்திருந்தார்கள். ஏ.சி. பேட்டரிகளின் பாதியில் இருந்தது. ஊர் ஊராக ஆட்களைச் சொகுசாகத் தூங்கவைக்கும் கம்பெனிதான். ஆனால் உதவி மேசையின் நாற்காலிகளில் பஞ்சு போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

அப்படிப்பட்ட ஒரு நாற்காலியில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் ரீஸ்டார்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் என்ன கோளாறு சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது, "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதுதான். பத்தில் ஏழு கோளாறு அதிலேயே சரியாகிவிடும். வீட்டில் குக்கர் விசில் அடிக்கவில்லையென்றாலும் அக்கா அதை ஒருமுறை இறக்கிவைத்து மறுபடி ஏற்றிவிட்டுத்தான் அடுத்த யோசனைக்குப் போவார்.

மீதி மூன்று கோளாறுகளில்தான் அவருடைய திறமை தெரியும். எதிரே கம்ப்யூட்டரைப் பார்க்காமலே வழி சொல்லுவார். வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே, இடது கையில் ரிசீவரைப் பிடித்தபடி, "இப்போ உங்களுக்கு நடுவுல ஒரு சாம்பல் கலர் பெட்டி வந்திருக்கும். அதுல ரெண்டு பட்டன் இருக்கும். வலது பக்கம் இருக்கிறதை அமுக்காதீங்க. அமுக்கிட்டீங்களா? பரவாயில்ல, வேற வழி சொல்றேன்" என்பார். கணக்குப் பிரிவில் ஒருவர் இதைக் கேட்டு மிரண்டுபோய், அக்கா எங்கிருந்தோ தன்னைப் பார்க்கிறார் என்று நம்பி, கம்ப்யூட்டரின் கேமராவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்திருந்தார்.

இந்தப் பெருமைக்கெல்லாம் வேட்டு வைத்தது ஒரு சுற்றறிக்கை.

ஊரின் மறு ஓரத்தில், வேனில் போனால் முக்கால் மணி நேரத் தூரத்தில் கம்பெனியின் ஆலை இருந்தது. மெத்தையின் மேலுறையில் பூ, கொடி, கட்டம் என்று தையல் போடும் பெரிய யந்திரம் ஒன்றை அங்கே புதிதாக வாங்கியிருந்தார்கள். அந்த யந்திரத்தோடு பேசும் மென்பொருள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும். ஆகவே ஆலையின் டிசைன் பிரிவில் இருக்கும் இருபத்துமூன்று கம்ப்யூட்டர்களும் திங்கள்கிழமை முதல் அதற்கு மாறுகின்றன. ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாயிற்று. இனி சந்தேகம் வந்தால் உதவி மேசையை அழைக்கலாம். அறிக்கையின் ஓரத்தில் ஒரு பெங்குவின் படம் வேறு இருந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

அக்கா அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டுப் பிரிவுத் தலைவரிடம் போனார். "சார், எனக்கு இதுல அ, ஆ கூடத் தெரியாது. நமக்கு ஒரு மெஷின் குடுத்தாங்கன்னா பாத்துப் பழகிக்குவேன்."

"கேளுங்க. குடுப்பாங்க. ஃபாரம் இருக்கு" என்றார் தலைவர். அவர் எல்லாவற்றுக்கும் ஃபாரம் இருக்கிறது என்று நம்புகிறவர்.

ஃபாரத்தின் நான்காவது கேள்வி, கோளாறு உள்ள கம்ப்யூட்டரின் எண் என்ன என்பது. அக்கா "கம்ப்யூட்டர் இல்லை" என்று எழுதினார். எண் தவறு என்று ஃபாரம் திரும்பி வந்தது. கோடு போட்டு அனுப்பினார். எண் விடுபட்டுள்ளது என்று திரும்பி வந்தது. சாமான் பிரிவுக்கே போன் போட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு எந்த மெஷின்ல பிரச்சனை மேடம்?"

"மெஷின் இல்லைங்கிறதுதாங்க பிரச்சனை."

"சரிங்க, அது எந்த மெஷின்? நம்பர் சொன்னாத்தானே நான் ஏத்த முடியும்?"

நேரில் போய்ப் பார்த்துவரலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. போனில் தீர்ப்பது உதவி மேசை, நேரில் போவது வெளிப்பணிப் பிரிவு என்று பங்கு பிரித்திருந்தார்கள். வெளிப்பணிப் பிரிவு என்பது ஒரே ஒரு ஆள். அவர் முதுகுவலியால் நீண்ட விடுப்பில் இருந்தார்.

திங்கள்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு ஆலையிலிருந்து முதல் அழைப்பு வந்தது. பேசியவர் அங்கே மேலுறைக்கு டிசைன் வரைகிற மூத்த ஆள். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிற ரகம், ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"மேடம், புது மெஷின் வேலை செய்யல."

"ஸ்கிரீன்ல என்ன தெரியுதுங்க?"

"என் மூஞ்சி தெரியுது."

கம்ப்யூட்டர் இன்னும் போடப்படவே இல்லை என்பது புரிய அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போடவைத்தார். பிறகு பழக்க தோஷத்தில், "இப்போ கீழே இடது மூலையில ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்குங்க" என்றார்.

"கீழே இடது மூலையில ஒண்ணும் இல்லையே."

"நல்லாப் பாருங்க."

"மேஜையோட மூலையா, ஸ்கிரீனோட மூலையா?"

"ஸ்கிரீனோடதுதாங்க."

"வெறுமையா இருக்கு மேடம். தொடைச்சும் பாத்துட்டேன்."

பதினெட்டு வருஷமாக உலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் கீழே இடது மூலையில்தான் உயிர் இருக்கிறது என்று நினைத்திருந்த அக்காவுக்கு, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. "அப்படியா" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "அப்படியா" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது ஒண்ணுமில்ல, நான் இங்க ஒரு செக்கிங் பண்ணிட்டுத் திருப்பிக் கூப்பிடுறேன்" என்று போனை வைத்தார். செக்கிங் பண்ண அங்கே பேட்டரிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் செல்போனில் வீடியோ போட்டுப் பார்த்தார். சளி பிடித்த குரலில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே போனார். அவர் காட்டிய திரையில் பட்டன்கள் இடது ஓரமாக வரிசையாக நின்றன. அடுத்த வீடியோவில் அதே லினக்ஸ் வேறு உருவத்தில் இருந்தது, பட்டன்கள் மேலே. மூன்றாவதில் பட்டனே இல்லை, கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் ஓடின. ஒரே பெயரில் நூறு உருவம் இருக்கும்போலிருக்கிறது. ஆலையில் இருப்பது இவற்றில் எது என்று கேட்கலாம்தான். ஆனால் கேட்டால் தனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும்.

ஆகவே அக்கா வேறு வழியில் இறங்கினார். மெத்தை வந்த வெள்ளை அட்டைப்பெட்டி ஒன்றின் பக்கத்தை வெட்டி எடுத்தார். மறுநாள் முதல் யார் போன் பண்ணினாலும், கோளாறு என்ன என்பதோடு, "அதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு? அதுக்கு மேல?" என்று நைசாகக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். சாயங்காலம் வந்து அதை அட்டையில் வரைந்தார். ஒரு வாரத்தில் அட்டையில் ஒரு திரை உருவாகிவிட்டது. மேலே இடது மூலையில் மெனு. வலது மூலையில் மணி. இடது ஓரத்தில் ஏழு படங்கள், அவற்றில் ஐந்தாவது என்ன என்று மட்டும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் வாளி என்றார். ஒருவர் குப்பைத்தொட்டி என்றார். மாஸ்டர், "பாத்திரம்" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாக ஏறி நின்றுபோன லிஃப்டை ஓடவைக்கிறவர். சாயங்காலம் வந்து கால் நீட்டி உட்கார்ந்தால் அட்டையை அவர் மடியில் வைத்து, "ஏங்க, நீங்க கொஞ்ச நேரம் ஆலைக்காரரா இருங்க" என்பார் அக்கா. அவரை அடுத்த அறையில் உட்காரவைத்துவிட்டு, தான் சமையலறையில் நின்று குரல் கொடுப்பார்.

"சொல்லுங்க சார், என்ன பிரச்சனை?"

"டீ இன்னும் வரல" என்பார் வீட்டுக்காரர்.

"விளையாடாதீங்க. ஃபைலைக் காணோம்னு சொல்லுங்க."

"ஃபைலைக் காணோம். டீயையும் காணோம்."

ஆனாலும் அந்த மனிதரால் ஒரு பெரிய உபகாரம் நடந்தது. ஒருநாள் ஆலையில் யாரோ ஒருவர் கறுப்புத் திரைக்குள் போய் எங்கோ மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் தவித்ததையும், தானும் சேர்ந்து முக்கால் மணி நேரம் தவித்ததையும் அக்கா சொல்லிப் புலம்பினார்.

"நீ மொதல்ல என்ன கேட்டே?" என்றார் வீட்டுக்காரர்.

"என்ன பிரச்சனைன்னு கேட்டேன்."

"அதை ஏன் கேக்குறே? லிஃப்டுல மாட்டிக்கிட்டவன்கிட்ட என்ன பிரச்சனைன்னு கேட்டா, அவன் குடும்பக் கதையில இருந்து ஆரம்பிப்பான். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். எந்த மாடியில நிக்கிறீங்க? அது தெரிஞ்சாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்குவேன்."

அக்கா நோட்டைப் புரட்டினார். சளிக்காரர் வீடியோவில் அப்படி ஒரு கட்டளை வந்தது நினைவிருந்தது. இப்போது எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறோம் என்று கம்ப்யூட்டரையே கேட்பது. மூன்று எழுத்து. மறுநாள் மாஸ்டர் கூப்பிட்டபோது, முதல் வேலையாக, "பி டபிள்யூ டி-ன்னு அடிங்க மாஸ்டர்" என்றார்.

"ரோடு போடுறவங்களா?"

"இல்ல, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு சொல்லும்."

"நான் உக்காந்திருக்கேன்" என்றார் மாஸ்டர். ஆனால் அடித்தார். அடித்ததும் திரையில் வந்ததைப் படித்தார். ஆள் வேறு ஃபோல்டரில் இருந்துகொண்டு அங்கே இல்லாத ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. அக்காவுக்கு வந்த சந்தோஷத்தில் அன்று வீட்டுக்காரருக்கு டீ இரண்டு முறை கிடைத்தது.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. வாரத்துக்கு ஒருமுறை தையல் யந்திரத்தின் இணைப்பைப் புதுப்பிக்க ஒரு கட்டளை அடிக்கவேண்டும், அது 'சூடோ' என்ற சொல்லில் ஆரம்பிக்கும். போனில் அது மாஸ்டரின் காதில் சூடு என்று விழுந்தது. "சூடுன்னு அடிச்சேன், தெரியாதுங்குது" என்றார். எழுத்து எழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்ததும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது.

"அடிங்க."

"அடிக்கிறேன். ஒண்ணும் விழல."

"புள்ளி புள்ளியா விழும், பாருங்க."

"புள்ளியும் இல்ல, கோலமும் இல்ல. கீபோர்டு செத்துப்போச்சு மேடம்."

அக்கா கீபோர்டை மாற்றச் சொன்னார். புது கீபோர்டிலும் விழவில்லை. அதையும் மாற்றச் சொன்னார். மூன்றாவதும் செத்தது என்று செய்தி வந்தபோது, ஆலையில் கீபோர்டுகளை எலி கடிக்கிறதா என்று சாமான் பிரிவிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் சளிக்காரரின் பத்தொன்பதாவது வீடியோவில்தான் விஷயம் கிடைத்தது. அந்த இடத்தில் பாஸ்வேர்டு அடித்தால் திரையில் எதுவுமே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவர் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டரைத் தட்டவேண்டியதுதான். மூன்று கீபோர்டும் சாகாமலே சாமான் அறைக்குப் போயிருந்தன.

மறுநாள் அக்கா மிடுக்காக, "மாஸ்டர், இன்னைக்கு விழாது. விழாமலே அடிங்க" என்றார். அடித்ததும் வேலை நடந்தது. "மேடம், நீங்க பெரிய ஆளு" என்றார் மாஸ்டர். அக்காவுக்கு அசடு வழிந்தது. நல்லவேளை, போனில் அது தெரியாது.

இப்படியே நான்கு மாதம் ஓடியது. ஆலையில் இருபத்துமூன்று பேரும் அக்காவின் குரலைக் கேட்டுத்தான் கையை அசைத்தார்கள். லினக்ஸில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேச்சு. ஆலை மேலாளர் மாதாமாதம் அறிக்கையில் அவரைப் பாராட்டி ஒரு வரி எழுதினார். அந்த வரி வரும் பக்கத்தை அக்கா படிக்காமலே புரட்டிவிடுவார். தன் வாழ்நாளில் அந்த மெஷினில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

பிறகு வாத்து வந்தது.

ஓய்வுபெற்ற நீதிபதிகளின் சங்கம் ஒன்று தன்னுடைய விருந்தினர் விடுதிக்கு நாற்பது இரட்டை மெத்தைகள் கேட்டிருந்தது. மேலுறையில் அடக்கமான அலை வடிவம் போதும் என்று சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் அதை வரைந்து 'அலை' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தார், முதல் எழுத்து பெரிய 'ஏ'. அவரே மூன்று மாதத்துக்கு முன்னால் குழந்தைத் தொட்டில் மெத்தைக்காக வேறொரு அலை வரைந்திருந்தார். அதில் கழுத்தில் ரிப்பன் கட்டிய வாத்துகள் வரிசையாக நீந்தும். அதன் பெயரும் 'அலை'தான், சின்ன 'ஏ'. யந்திரத்துக்கு அனுப்பும் கட்டளையை அடிக்கும்போது மாஸ்டருக்குச் சந்தேகம் வந்து போன் செய்தார்.

"மேடம், பெரிய ஏ போடணுமா, சின்ன ஏ போடணுமா?"

அந்த நேரத்தில் அக்காவுக்கு வேறு இரண்டு அழைப்புகள் காத்திருந்தன. பழைய இயங்குதளத்தில் பதினெட்டு வருஷமாக எழுத்து பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் ஒன்றுதான். "எதுவா இருந்தா என்ன மாஸ்டர், ரெண்டும் ஒண்ணுதான். சின்னதாவே போட்டுடுங்க" என்றார்.

லினக்ஸுக்கு இரண்டும் ஒன்றில்லை. தையல் யந்திரம் ஒரு குறையும் இல்லாமல் நாற்பது மேலுறைகளிலும் வாத்துகளைத் தைத்துத் தள்ளியது. யந்திரத்தை ஓட்டுகிறவருக்கு எந்தத் துணி யாருக்கு என்பது தெரியாது. கடைசியில் பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு அம்மாள்தான் சீட்டையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஜட்ஜுங்களுக்கு வாத்தா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை விசாரணைக்கு வரச் சொல்லி அக்காவுக்கு உத்தரவு வந்தது. கம்பெனி வேனில் நுரைப்பஞ்சுச் சுருள்களுக்கு நடுவே இடுங்கி உட்கார்ந்து அக்கா ஆலைக்குப் போனார். வழியெல்லாம் என்ன சொல்லிப் பூசி மெழுகலாம் என்று யோசித்தார். ஒன்றும் கூடிவரவில்லை.

டிசைன் பிரிவுக்குள் நுழைந்ததும் இருபத்துமூன்று பேர் எழுந்து நின்றார்கள். ஒரு முகமும் அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் வணக்கம் சொன்னதும் ஒவ்வொரு குரலும் தெரிந்தது. இது பிரிண்டர் பிரிண்டர் என்று அழுகிறவர். இது வாளி. இது குப்பைத்தொட்டி. மாஸ்டரை ஆறடி உயரம், முறுக்கு மீசை என்று மனசுக்குள் வைத்திருந்தார் அக்கா. கழுத்தில் அளவு நாடா போட்ட, அவர் தோள் உயரமே இருந்த ஒரு ஒல்லியான மனிதர் முன்னால் வந்து, "வாங்க மேடம்" என்றார்.

"மாஸ்டரா நீங்க?"

"ஆமா. உங்க குரலுக்கு நானும் வேற ஆளைத்தான் நெனச்சிருந்தேன்."

மேஜையின் மேல் ஒரு வாத்து மேலுறை விரித்துக் கிடந்தது. அதன் முன்னால் ஆலை மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல உருட்டுக்கட்டை மாதிரி உடம்பு, அதற்குப் பொருத்தமான குரல். "இந்தக் கட்டளையைச் சின்ன எழுத்துல அடிக்கச் சொன்னது யாரு?"

யாரும் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர், "நான்தான் சார், கை தவறி அடிச்சுட்டேன்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் பேசாத மனிதர், கேட்காத பழியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். வழியெல்லாம் கூடிவராத பேச்சு அக்காவுக்கு அப்போது தானாக வந்தது.

"இல்ல சார். மாஸ்டர் சரியாத்தான் கேட்டாரு. பெரிசா, சின்னதான்னு கேட்டாரு. நான்தான் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னேன். எனக்குத் தெரியாது சார். நான் இந்த மெஷினைப் பாத்ததே இல்ல."

"பாத்ததே இல்லைன்னா?"

"இதோ, இப்பத்தான் பாக்குறேன். அதுவும் தள்ளி நின்னு."

மேலாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "நாலு மாசமா இந்தப் பிரிவே உங்களாலதான் ஓடுதுன்னு நான் மாசாமாசம் எழுதிக்கிட்டிருக்கேன்!"

"ஓடுச்சு சார். எப்படி ஓடுச்சுன்னு எனக்கே தெரியல" என்றார் அக்கா. அட்டைப்பெட்டியையும் நோட்டையும் லிஃப்ட் மெக்கானிக்கையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். மூன்று கீபோர்டுகள் விஷயத்தையும் மறைக்கவில்லை.

"சரி, அவங்களுக்குத் தெரியாது" என்று மேலாளர் இருபத்துமூன்று பேர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன கேடு? உங்களுக்குத்தான் ரெண்டு நாள் பயிற்சி குடுத்தோமே? எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேறன்னு அதுல சொல்லலையா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிரிண்டர்காரர் மட்டும் மெல்லிய குரலில், "சொல்லியிருப்பாங்க சார்" என்றார்.

"அப்படின்னா?"

மாஸ்டர்தான் வாயைத் திறந்தார். "பயிற்சி நம்ம ஷோரூம்ல வெச்சீங்க சார். நாற்காலி பத்தல. அதனால மெத்தையிலேயே உக்காரச் சொன்னாங்க. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் லைட்டை அணைச்சுப் படம் போட்டாங்க."

"போட்டா?"

"நம்ம மெத்தை சார். நல்ல மெத்தை."

யாரோ சிரிப்பை அடக்கி மூக்கால் சத்தம் போட்டார்கள். மேலாளரின் முகம் சிவந்தது. "இருபத்துமூணு பேருமா தூங்கினீங்க?"

"இருபத்துநாலு சார்" என்றார் மாஸ்டர். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லுவது அவர் சுபாவம். "பயிற்சியைத் தொடங்கிவெச்சு முன்வரிசையில உக்காந்தவங்களையும் சேத்து."

தொடங்கிவைத்தவர் யார் என்று மேலாளர் கேட்கவில்லை. வாத்து மேலுறையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்போ ஆகவேண்டியதைப் பாப்போம்" என்றார்.

ஆகவேண்டியது சரியான அலையை யந்திரத்துக்கு அனுப்புவது. மாஸ்டர் தன் நாற்காலியை இழுத்துப்போட்டார். அக்கா முதல்முறையாக அந்த மெஷினின் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் திடுக்கிட்டுப்போனார். திரை முழுக்கக் கத்தரிப்பூ நிறம்.

"இது கத்தரிப்பூ கலர்னு யாருமே சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே மேடம்" என்றார் மாஸ்டர்.

அக்கா மனசில் வைத்திருந்தது வெள்ளைத் திரை, அட்டையின் வெள்ளை. அந்த நிறத்தின் மேல் எல்லாமே இடம் மாறியதுபோல் தெரிந்தது. படங்கள் நினைத்ததைவிடப் பெரியவை, மெனு நினைத்ததைவிடச் சின்னது. மவுஸைப் பிடித்து இங்கும் அங்கும் அலையவிட்டார். மெனு எங்கே, கறுப்புத் திரை எங்கே என்று திருதிருவென விழித்தார். இருபத்துமூன்று பேரும் மேலாளரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஓடவில்லை.

கடைசியில் அக்கா மவுஸை விட்டுவிட்டு எழுந்தார். "மாஸ்டர், நீங்க உக்காருங்க" என்றார். தான் இரண்டடி தள்ளிப்போய்த் திரைக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டார். கை தன்னால் காதுக்குப் போய், இல்லாத ரிசீவரைப் பிடித்தது.

"சொல்லுங்க மாஸ்டர், என்ன தெரியுது?"

"பாத்திரம் தெரியுது."

"அதுக்குக் கீழே ரெண்டாவது. அமுக்குங்க. கறுப்பாச்சா? எங்க நிக்கிறீங்கன்னு கேளுங்க. சரி. இப்போ லிஸ்ட் எடுங்க. ரெண்டு அலை இருக்கா? பெரிசைத் தொடாதீங்க. சின்னதுக்குப் பேரை மாத்தப்போறோம். வாத்துன்னு வெச்சுடுவோம்."

ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. கீழ்த்தளத்திலிருந்து தையல் யந்திரத்தின் தடதட சத்தம் கேட்டதும் பேக்கிங் அம்மாள் ஓடிப்போய் முதல் துணியைப் பார்த்துவிட்டு வந்து, "அலைதான், அலைதான்" என்றாள். அடக்கமான அலை. நீதிபதிகளுக்கு இரண்டு நாள் தாமதமாக மெத்தை போயிற்று. வாத்து மேலுறைகளை வெட்டித் தொட்டில் அளவுக்குத் தைத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் மாஸ்டர் தன் மேஜைக்கு விரிப்பாக வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே அக்கா ஒரு சட்டம் போட்டுவிட்டுத்தான் வேனில் ஏறினார். இனி எந்த ஃபைலுக்கும் பெரிய எழுத்து கிடையாது, எல்லாம் சின்ன எழுத்து. அதை யாரோ ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தனை பேருக்கு முன்னாடி தெரியாதுன்னு சொல்லிட்டியா? வெக்கமா இல்லையா?"

"வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா நாலு மாசத்துல நேத்து ராத்திரிதாங்க நான் நல்லாத் தூங்கலை. இன்னைக்குத் தூங்கிடுவேன்."

"மிச்ச நாளெல்லாம் தூங்கினியா? ஃபைலைக் காணோம் ஃபைலைக் காணோம்னு தூக்கத்துல நீதான் கத்தினே. நான் எந்திரிச்சுத் தேடியிருக்கேன்."

ஃபாரத்தை இந்த முறை மேலாளரே நிரப்பினார். கோளாறு உள்ள கம்ப்யூட்டரின் எண் என்ற இடத்தில் டிசைன் பிரிவின் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்பினார். ஒன்பதாம் நாள் உதவி மேசைக்குப் புத்தம் புது மெஷின் வந்து இறங்கியது. அக்கா அதை மேஜையில் வைத்து, துடைத்து, பயபக்தியோடு போட்டார். இனி எதையும் ஊகிக்கவேண்டியதில்லை, பார்த்துச் சொல்லலாம்.

போன் அடித்தது. ஆலையிலிருந்து வாளிக்காரர். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, திரையைப் பார்த்தபடி கம்பீரமாக, "மேல வலது மூலையில மெனு இருக்குல்ல, அதைத் திறங்க" என்றார்.

"வலதா? எனக்கு இடதுலல்ல இருக்கு அக்கா?"

அக்கா தன் திரையை உற்றுப் பார்த்தார். மெனு வலதில்தான் இருந்தது. படங்கள் கீழே வரிசையாக நின்றன. கத்தரிப்பூ நிறமும் இல்லை, ஏதோ பச்சை. சாமான் பிரிவுக்குப் போன் போட்டார்.

"அது லேட்டஸ்ட் வெர்ஷன் மேடம்" என்றார்கள் அங்கே, பெருமையோடு. "ஆலையில இருக்கிறது பழசு. உங்களுக்குன்னு ஸ்பெஷலாப் புதுசு போட்டு அனுப்பினோம்."

அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தார். காத்திருந்த வாளிக்காரரிடம், "சரி, உங்க ஸ்கிரீன்ல இருக்கிறதை மேல இருந்து ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றார்.